லாஞ்சிக்கும் விரதம்

வாடைக் காற்று எடுப்பதற்குள் லாஞ்சியைக் கரையேற்றி, எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். "கெட்ட பொறவு பாத்துக்கிடலாம்னா, அது கெடுத எடம் நடுக்கடலா இருக்கும், ஏளா" என்றார் என் வீட்டுக்காரர். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

அப்போது தூத்துக்குடியில் பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வராது. ஆழம் போதாது. கண்ணுக்கெட்டும் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைப் பாய்த்தோணிகள் கொண்டுபோகும், கொண்டுவரும். சுமையேற்றும் ஆட்களையும் அவர்களுக்குச் சோறு தண்ணீரையும் கொண்டுபோய்ச் சேர்க்க எங்களுடையதைப் போலச் சின்ன லாஞ்சிகள் இருந்தன. பனங்காட்டில் பிறந்த எங்கள் ஆட்கள் கடை வைப்பார்கள், கருப்பட்டி வியாபாரம் செய்வார்கள், கடலைக் கரையில் நின்று கும்பிடுவார்கள். இவருக்கு மட்டும் எங்கிருந்தோ கிறுக்குப் பிடித்துப் பலசரக்குக் கடையை அண்ணனிடம் விட்டுவிட்டுப் பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் லாஞ்சி ஒன்றை வாங்கிவிட்டார். சாத்தான்குளத்தில் என் அப்பா வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். எங்கள் சொந்தத்தில் மாப்பிள்ளைமார் எல்லாரும் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தபோது என் ஆள் ஒருவர்தான் சுக்கான் பிடித்தார்.

வருஷா வருஷம் எஞ்சினைப் பிரித்துப் பூட்ட ஒரு பிட்டர் வருவார். அந்த வருஷம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது, அவரைப் பட்டாளத்து ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊரில் வேறு பிட்டர்களையும் காணோம். "நாமளே பாத்துருவோம்" என்றார் இவர். நாமளே என்றால் நானும் சேர்த்திதான். எஞ்சினோடு இங்கிலீஷில் ஒரு புத்தகம் வந்திருந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எழுத்துக்கூட்டி வாசித்து அர்த்தம் சொல்லிவிடுவேன். ஆனால் எனக்கு ஸ்பேனர் எது, சுத்தியல் எது என்பதே சந்தேகம். இரண்டு அரை மெக்கானிக்குகள் சேர்ந்து ஒரு முழு மெக்கானிக் ஆனோம்.

பெண்பிள்ளை படகில் ஏறக்கூடாது என்று கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஏறவில்லை. தடிகளை முட்டுக் கொடுத்து மணலில் நிறுத்தியிருந்த லாஞ்சியின் நிழலில், கவிழ்த்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு வாசித்தேன். மேலே எஞ்சினுக்குள் தலையை விட்டபடி அவர் "ம், மேல படி" என்பார். அவரோடு லாஞ்சியில் வேலைக்குப் போகிற கிறிஸ்தவ வேதக்காரர் ஒருவர், எங்களைவிட நாலைந்து வயது இளையவர், அடிப்பலகையில் ஒட்டிக் கிடந்த சிப்பியைச் சுரண்டிக்கொண்டே நான் வாசிக்கும் இங்கிலீஷைக் கேட்டு, "அக்கா, பூசைல சாமியார் லத்தீன் சொல்லுத மாதிரியே இருக்கு" என்றார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று அர்த்தம்.

அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கறுத்துப்போன எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினோம். மண்ணெண்ணெய்த் தொட்டியைக் கழுவி, என் பழைய சேலைத் துணியை நாலாக மடித்து வடிகட்டினோம். பொறி பறக்கிற பிளக்குகளைக் கழற்றி, கரியைச் சுரண்டி, என் தோசைக்கல்லில் வைத்துச் சூடுகாட்டி ஈரம் போக்கினேன். அந்த வாரம் தோசையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தின்றார். பின்பக்கம் தண்ணீரைத் தள்ளுகிற விசிறிக்குப் பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும். உப்புத் தண்ணீர் பித்தளையைத் தின்னாமல் அதைத் தின்றுகொண்டிருக்கும். முழுதாகப் போட்டது எலி கடித்த கருப்பட்டி போல ஆகியிருந்தது. அதையும் மாற்றினோம். சாமான் கிடைக்காமல் ஒவ்வொன்றுக்கும் அலைந்ததில் நாள் ஓடி, தீபாவளியும் வந்து போய்விட்டது. மிச்சம் இருந்தது கிளாண்டு மட்டும்.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். எஞ்சின் படகுக்கு உள்ளே இருக்கிறது, விசிறி வெளியே தண்ணீருக்குள் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கிற இரும்புத் தண்டு படகின் பின்பக்கத்தில் ஒரு ஓட்டை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். தண்டும் சுற்ற வேண்டும், ஓட்டை வழியாகக் கடலும் உள்ளே வரக்கூடாது. அதற்காகத் தண்டைச் சுற்றி ஒரு பித்தளைக் கிண்ணம், கிண்ணத்துக்குள் வளையம் வளையமாகக் கயிறு, அதை அழுத்திப் பிடிக்க ஒரு மூடி. அவ்வளவுதான் கிளாண்டு. கயிற்றை மாட்டுக் கொழுப்பில் நன்றாக ஊறவைத்துத் திணிக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நான் வாசித்து அர்த்தம் சொன்னேன்.

மேலே ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்கு. அது மட்டும் முடியாது" என்றார்.

ஏன் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தக்கவில்லை. ஒன்று கண்ணையே திறக்கவில்லை. இன்னொன்று என் சூட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனது. இப்போது மூன்றாவது, ஆறு மாதம். இது தங்க வேண்டும் என்று திருச்செந்தூர் முருகனுக்கு அவர் சஷ்டி விரதம் எடுத்திருந்தார். பச்சை வேட்டி கட்டி, பகலெல்லாம் பட்டினி கிடந்து, ராத்திரி பாலும் பழமும். சூரசம்காரத்தன்று இதே லாஞ்சியில் பூவும் மாலையும் கொண்டுபோய் இறக்குவதாகவும் நேர்ந்திருந்தார். அதனால் விரதம் முடிகிறவரை வீட்டிலும் மாமிசம் கிடையாது, லாஞ்சியிலும் கிடையாது. அந்த வேதக்காரர் பாவம், மத்தியானம் மீன்குழம்புத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கரையில் தூரமாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வருவார். இப்படியிருக்க, மாட்டுக் கொழுப்பை யார் கையால் தொட்டு லாஞ்சிக்குள் வைப்பது?

"மனுசனுக்கு விரதம் சரி. படகுக்கு என்னத்துக்கு விரதம்?" என்றேன்.

"நமக்குச் சோறு போடுததே அதானே ஏளா. அதுவும் நம்ம வீட்டு ஆளுதான்."

நூல்கயிற்றை நல்லெண்ணெயில் ஊறப்போட்டார். விளக்குக்குத் திரி போட்டே வளர்ந்த கை. நூல் என்றால் நல்லெண்ணெய் என்றுதான் எங்கள் ஆட்களுக்குத் தோன்றும். தண்டைச் சுற்றி அழகாக வளையம் வளையமாகத் திணித்து மூடியை முறுக்கினார். கொழுப்பு கெட்டி, தண்ணீரில் கரையாது; எண்ணெய் ஒரு நாளில் கழுவிக்கொண்டு போகும், பிறகு வெறும் நூல் இரும்போடு உரசித் தீய்ந்துவிடும் என்று புத்தகத்தை வைத்துக்கொண்டு வாதாடினேன். லாஞ்சியை இறக்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "சொட்டுத் தண்ணி இல்ல, பாத்தியா" என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடலுக்குப் பயப்படாத மனுஷன் மாட்டுக் கொழுப்புக்குப் பயப்படுகிறாரே என்று திட்டினேன். ஆனால் அந்தப் பயம் என் வயிற்றிலிருப்பதற்காக என்று தெரியும். அதனால் முழு மனதோடு திட்டவும் முடியவில்லை. பிள்ளைக்காக அவர் கொழுப்பைத் தொட மாட்டேன் என்றார். பிள்ளைக்கு அப்பன் வேண்டும் என்று நான் தொடச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்கும் பிடிவாதம் குறைச்சல் இல்லை. கசாப்புக் கடைப் பக்கம் ஆள் அனுப்பி, உருக்கிய கொழுப்பு ஒரு டின் வாங்கி வேலியோரம் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் லாஞ்சி கிளம்புமுன் கரைக்குப் போய், அவர் கண் முன்னாலேயே அதை அந்த வேதக்காரர் கையில் கொடுத்தேன்.

"தம்பி, இதப் படகுல வைக்காதீய. உங்க மடில வச்சுக்கிடுங்க. படகுக்கும் மொதலாளிக்குந்தான் விரதம். உங்களுக்கு இல்லல்லா?"

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். அது சம்மதம் இல்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. டின் சாக்குத் துணிக்குள் சுற்றப்பட்டு மடிக்குள் போனது.

முதல் நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. கடல் தெப்பக்குளம் போலக் கிடந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அவர் வந்து என்னைப் பார்த்துச் சும்மா சிரிப்பார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். விரதத்தின் ஐந்தாம் நாள், மத்தியானத்துக்கு மேல் வாடை எடுத்தது. கொல்லையில் காயப்போட்ட துணி கொடியோடு பறந்தது. கப்பலுக்குப் போன ஆட்களைத் திருப்பிக் கொண்டுவர அவர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்.

நான் கடற்கரைக்குப் போய் நின்றேன். நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்தேன். மறுபடி போனேன். பாய்த்தோணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எங்கள் லாஞ்சியின் சத்தம் எனக்குத் தெரியும், அதைக் காணோம். முருகனிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் அவர் பக்கம்தானே பேசுவான் என்று கோபமாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உன் அப்பனைக் கொண்டாந்து சேரு" என்று பிள்ளையிடம்தான் சொன்னேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் லாஞ்சி வந்தது. ஆட்கள் தொப்பலாக நனைந்து இறங்கினார்கள். அவர் என்னைத் தாண்டி வீட்டுப் பக்கம் விறுவிறுவென்று போனார். பச்சை வேட்டி பாதியாகக் கிழிந்து தொங்கியது. அந்த வேதக்காரர்தான் என்னை நிறுத்திச் சொன்னார்.

"அக்கா, பாதித் தூரத்துல கிளாண்டு பொகைஞ்சிட்டு. நூலு தீஞ்சு பொடியா உதிர்ந்துட்டு. தண்ணி பீச்சி அடிக்கி. எஞ்சின நிப்பாட்டுனா அலை பக்கவாட்டுல அடிச்சுக் கவுத்துரும், ஓட்டுனா தண்டு பழுத்துரும். அத்தன பேரும் வாளியக் கொண்டு எறைக்கானுவ. நான் சுக்கான விட்டுட்டு வர முடியல. அண்ணாச்சி என்னையவே ஒரு தடவ பாத்தாவ. பொறவு, 'ஏலே, அந்த டின்னக் குடுல'ன்னாவ."

எஞ்சினை நிறுத்திய அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், விரத வேட்டியைக் கிழித்து, கையால் கொழுப்பை அள்ளி அப்பி, தண்டைச் சுற்றித் திணித்து மூடியை முறுக்கினாராம். தண்டின் சூட்டில் கொழுப்பு உருகி முழங்கைவரை வழிந்ததாம். திரும்ப எஞ்சினை முடுக்கியபோது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லையாம். "மாதா காப்பாத்துனா" என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முருகனுந்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

நான் வீட்டுக்குப் போனபோது அவர் கொல்லையில் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார். வாளியைத் தொட்டால் வாளி கெட்டுப்போகும் என்று நிற்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. தண்ணீர் இறைத்து ஊற்றினேன். சாம்பலைப் போட்டுத் தேய்த்தார், சீயக்காயைப் போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத் தோல் சிவந்ததே தவிர மனுஷனுக்குத் திருப்தி வரவில்லை. தண்டு பட்ட இடத்தில் தோல் வழண்டிருந்தது, அதன் மேலேயும் தேய்த்தார்.

"கெடுத்துட்டேன் ஏளா. இன்னும் ஒரு நாளுதான். ஒரு நாளு பொறுக்க முடியல."

"பொறுத்திருந்தா அத்தன பேரும் போய்ச் சேந்திருப்பிய. டின்னக் குடுத்தவ நான். பாவம்னா அது எனக்குந்தான்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. கிட்டப் போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தேன். இரண்டடி பின்னால் போனார். "தொடாத, புள்ளைக்காரி" என்றார்.

மறுநாள் சூரசம்காரம். அவர் பாலையும் பழத்தையும்கூடத் தொடாமல் சுருண்டு படுத்திருந்தார். திருச்செந்தூருக்குப் போகவில்லை. கட்டி வைத்திருந்த மாலை குடத்து மூடிமேல் கிடந்து வாடியது. அடுத்த நாளே லாஞ்சிக்குப் போய், வேட்டித் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நல்ல கயிற்றைக் கொழுப்பில் ஊறவைத்துப் புத்தகத்தில் சொன்னபடி திணித்துவிட்டு வந்தார். என்னிடம் வாசிக்கச் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பக்கம் மனப்பாடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் எனக்குக் கடலைவிடப் பெரிதாக இருந்தன. அவர் என்னைத் தொடுவதே இல்லை. தண்ணீர்ச் செம்பைக்கூடக் கீழே வைத்துத்தான் கொடுப்பார். பிள்ளை அசைகிறது, கை வைத்துப் பாருங்கள் என்றால் ஏதோ வேலை நினைவுக்கு வந்தவராக வெளியே போய்விடுவார். நான் வெளியே வீறாப்பாகத்தான் இருந்தேன். முருகனுக்குக் கண் இல்லையா, கடலில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாதா என்று சத்தமாகவே பேசுவேன். ஆனால் விடிந்ததும் முதல் வேலையாக அசையாமல் படுத்துக்கொண்டு பிள்ளை அசைகிறதா என்று பார்ப்பேன். அசைகிறவரை மூச்சு விட மாட்டேன். அவர் பயந்தது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை, எனக்கும் அதே பயம் இருந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோம்.

சந்தைக்குப் போகிற வழியில், அன்றைக்கு லாஞ்சியில் வந்த ஆட்களின் பெண்டாட்டிமார் என்னைப் பார்த்தால் கூடையை இறக்கிவிட்டு நிற்பார்கள். "சொகமா பெத்து எந்திரிப்ப தாயி" என்பார்கள். ஒருத்தி என் நெற்றியைத் தடவி விரலைச் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள். வீட்டுக்கு வந்து இதை அவரிடம் சொன்னால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

தை மாதம் வலி கண்டது. எங்கள் தெரு மருத்துவச்சி வந்தாள். விடிய ஆரம்பித்து உச்சிவரைக்கும் இழுத்தது. பிள்ளை வெளியே வந்ததும் வீடே அதிரும்படி அழுதது. பெண். மருத்துவச்சி துடைத்து, துணியில் சுற்றி, "அப்பன் மொதல்ல பாக்கட்டும்" என்று தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் பாயில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"புடிங்க அண்ணாச்சி."

"வேண்டாம். தொட்டில்ல போடுங்க. நான் இங்கன நின்னே பாத்துக்கிடுதேன்."

"என்ன இப்பிடிச் சொல்லுதிய? கைய ஏன் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிய?"

பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. எனக்கு எழுந்திருக்கத் திராணியில்லை. ஆனாலும் இருந்த உயிரையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"அந்தக் கையில குடுங்க! எத்தன புள்ளைகளுக்கு அப்பனக் கொண்டாந்து சேத்த கையி! எம்புள்ளைக்கும் அதான் கொண்டாந்து சேத்துச்சு. அந்தக் கையில குடுத்துட்டுத்தான் இங்க கொண்டாரணும்!"

"அப்பிடித்தான், தலையத் தாங்கிப் புடிங்க" என்று மருத்துவச்சி சொல்வது கேட்டது. பிறகு அவர் வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தது.